நீந்தத் தெரிந்த நாய்களும் மூழ்குகின்றன

நாய்க்கு நீச்சல் தெரியும் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. "பொறந்ததுமே நீஞ்சுமுங்க டாக்டரம்மா, அதுக்குப் போயி பயப்படுவாங்களா?" என்று கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஊரிலேயே சிறியதாக ஒரு மருத்துவமனை வைத்திருக்கிறேன். தண்ணீரில் விழுந்து என் மேசைக்கு வந்த நாய்களில் பெரும்பாலானவை நன்றாக நீந்தத் தெரிந்தவை. கால்களைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். முன்னங்கால் நகங்கள் பிய்ந்திருக்கும், பாதத்தின் அடித்தோல் உரிந்து ரத்தம் கசியும். மணிக்கணக்கில் நீந்தி, கரையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் வழுக்கி உள்ளே போனதன் அடையாளம் அது.

நீந்தத் தெரியாமல் செத்த நாயை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வெளியே ஏற வழியில்லாமல் செத்தவையே அதிகம். அந்த வழியை அமைத்துத் தர வேண்டியவர்கள் நாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பண்ணைக்குட்டை. கொங்குப் பகுதியில் கடந்த பல ஆண்டுகளாகக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டைகள் பெருகிவிட்டன. சொட்டு நீர்ப் பாசனத்துக்கும் கோடைக்காலத் தேவைக்கும் அவை மிகவும் பயன்படுகின்றன. அரசு மானியமும் தருகிறது. விவசாயிக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழைய மண் குட்டையில் விழுந்த நாய்க்கு நகம் ஊன்ற மண் இருந்தது, கால் வைக்கப் புல்வேர் இருந்தது. விரிப்பில் பாசி படிந்துவிட்டால் நான்கு பக்கச் சரிவும் திருவிழாவில் எண்ணெய் பூசி நட்ட வழுக்கு மரம்தான். ஏற ஏற சறுக்கும். நாய் மட்டும் விழுவதில்லை. ஆட்டுக்குட்டி விழுகிறது. சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய தோட்டங்களில் தாகத்துக்கு வரும் புள்ளிமான் விழுகிறது. குழந்தைகளும் விழுந்து இறந்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு தோட்டத்துக் காவல் நாயை விடிகாலையில் என்னிடம் தூக்கி வந்தார்கள். பெயர் மணி, செவலை நிற நாட்டு நாய். இரவில் காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டு போனது குட்டைக்குள் விழுந்திருக்கிறது. தோட்டத்து வீடான சாளைக்கும் குட்டைக்கும் கூப்பிடு தூரம்தான். "ஒரு சத்தங்கூடக் கேக்கலைங்க அம்மா, கேட்டிருந்தா விட்டிருப்பமுங்களா?" என்று அந்த வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். சத்தம் கேட்டிருக்காது. மூக்கு நுனியைத் தண்ணீருக்கு மேல் வைத்து நீந்திக்கொண்டிருக்கும் நாய்க்குக் குரைக்க மூச்சு மிஞ்சாது. தண்ணீரில் தவிக்கும் நாய் கத்தி நம்மைக் கூப்பிடும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

மணி பிழைத்தது. அதன்பிறகு அந்த வீட்டுக்காரர் செய்த காரியத்தைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தென்னைநார்க் கயிற்றில் பெரிய கண்கள் விட்டு வலை பின்னி, கரையில் இரும்பு முளை அடித்துக் கட்டி, நான்கு பக்கமும் தொங்கவிட்டார். ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதாது. விழுந்த நாய் பதற்றத்தில் குட்டையைச் சுற்றி வந்து வழி தேடாது, விழுந்த பக்கத்தையே பிராண்டிக்கொண்டிருக்கும். வலையின் நுனி, குட்டையில் தண்ணீர் குறைந்து கிடக்கும் காலத்திலும் தண்ணீருக்குள் மூன்று நான்கு அடி மூழ்கியிருக்க வேண்டும். நுனியில் கல் கட்டினால் அலையில் மிதந்து ஒதுங்காது. அந்தக் கல்லைச் சாக்குத் துணியில் சுற்றிக் கட்டினால் விரிப்பு கிழியாது. வண்டியின் பழைய டயர்களை ஒன்றோடு ஒன்று கட்டித் தொங்கவிட்டாலும் நாயின் காலுக்கும் குழந்தையின் கைக்கும் பிடி கிடைக்கும். குட்டை வெட்ட ஆன செலவில் இது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது கிணறு. ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கங்களில் தரைமட்டத்தோடு வாய் திறந்து கிடக்கும் பெருங்கிணறுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓரத்தில் புல்லும் புதரும் மண்டியிருக்கும், கிணறு இருப்பதே தெரியாது. முயலைத் துரத்தும் நாய் நேராக உள்ளே போகும். விழுந்த அடியில் சாகாமல் தப்பினால், சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நீந்தும். நம் ஆட்கள் உடனே கயிறு எறிவார்கள். கயிற்றை நாய் எதைக் கொண்டு பிடிக்கும்? முதலில் செய்ய வேண்டியது, அது முன்னங்கால்களைப் போட்டு இளைப்பாற மிதக்கிற ஒன்றை இறக்குவதுதான். கயிற்றுக் கட்டில், காலி பிளாஸ்டிக் கேன் கட்டிய பலகை, டிராக்டர் டியூப் என எது கைக்குக் கிடைத்தாலும் சரி. அதில் தொற்றிக்கொண்டால் நாய்க்கு இன்னும் சில மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் 101 அல்லது 112க்குச் சொல்லுங்கள். தீயணைப்பு மீட்புத் துறையினர் கிணற்றில் விழுந்த மாட்டையும் நாயையும் எடுத்துக் கொடுப்பதை எங்கள் பகுதியில் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அவர்களிடம் வலையும் பழக்கமும் இருக்கின்றன. நீங்கள் இறங்காதீர்கள். நெடுநாள் புழங்காத கிணற்றில் காற்றுக் கெட்டுப் போயிருக்கும், ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி வரிசையாகச் செத்த வீடுகள் இந்த நாட்டில் உண்டு. பயந்த நாய் தன்னைத் தூக்க வந்த கையையே கடிக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாய்க்கால் விஷயம் வேறு மாதிரி. பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் முழுக் கொள்ளளவு விநாடிக்கு 2,300 கன அடி. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பது எங்கள் பகுதி வழக்கம். பல மாதங்கள் காய்ந்து கிடந்த வாய்க்காலில் குறுக்கே ஓடிப் பழகிய நாய், தண்ணீர் வந்த அன்றும் அதே இடத்தில் இறங்கும். மண் கரையாக இருந்தால் ஒரு வளைவிலாவது ஏறிவிடும். கான்கிரீட் போட்ட சரிவென்றால் அடுத்த படித்துறை வரும்வரை அதற்குப் போக்கிடமில்லை. வாய்க்காலுக்குக் கான்கிரீட் வேண்டுமா வேண்டாமா என்று விவசாயிகளுக்குள்ளேயே பெரிய வழக்கு நடந்தது. நான் அதற்குள் போகவில்லை. கான்கிரீட் போடும் இடத்தில் எல்லாம் கால்நடை ஏறச் சொரசொரப்பான சரிவுப் பாதை ஒன்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் விடச் சொல்கிறேன். அதை யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

வாய்க்காலிலும் ஆற்றிலும் நாயை இழப்பதற்கு இன்னொரு காரணம் நம் பாசமேதான். நாய் இழுத்துக்கொண்டு போகப் போக, அது இறங்கிய இடத்திலேயே நின்று "வாடா, வாடா" என்று கூப்பிடுகிறோம். அதுவும் நம் குரலுக்காக ஓட்டத்தை எதிர்த்து நீந்தும். எதிர்த்து நீந்தும் நாய் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். நீங்கள் ஓட்டம் போகும் திசையில் கரையோடு வேகமாக நடந்து, நாயைத் தாண்டிப் போய், அது ஏறக்கூடிய இடத்தில் நின்று கூப்பிட வேண்டும். தண்ணீர் அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். இதைத் தெரிந்து வைத்திருப்பதாலேயே ஒரு நாய் பிழைக்கும்.

ஆற்றில் மணல் அள்ளிய குழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கால் தண்ணீர் என்று இறங்கி நடக்கிற இடத்தில், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். நாய் அதை நீந்திக் கடந்துவிடும், பின்னால் இறங்கிய மனிதர்தான் போய்விடுவார். நாயைக் காப்பாற்றக் குதித்தவர் இறந்து நாய் கரையேறிய செய்திகளை நாம் படிக்கத்தான் செய்கிறோம். எனவே ஆற்றுக்குக் கூட்டிப் போகிறவர்கள் நாயின் மார்பையும் தோளையும் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போட்டு, அதில் நீளமான கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலியைத் தண்ணீருக்குள் போகும் முன் கழற்றிவிடுங்கள், வேரிலோ பாறை இடுக்கிலோ மாட்டிக்கொண்டால் அதுவே தூக்குக் கயிறாகும். அணையில் தண்ணீர் திறக்கும் காலங்களில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம்.

நகரத்துக்காரர்களின் நாய்களுக்கு வருகிறேன். கோவையிலும் திருப்பூரிலும் வசிப்பவர்கள் சனி, ஞாயிறுகளில் நாயோடு பண்ணை வீட்டுக்கும் ரிசார்ட்டுக்கும் போகிறார்கள். நாயை வீட்டில் பூட்டிவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ நல்லது, எனக்கு மகிழ்ச்சிதான். நீச்சல் குளத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. குளத்தின் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருப்பதால், எங்கே படி இருக்கிறது என்று தண்ணீருக்குள் இருக்கும் நாய்க்குத் தெரியாது. எஜமானர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கச் சுவரில் வந்து முட்டும். ஆகவே முதல் நாள் நீச்சல் பாடமே கிடையாது, வெளியேறும் பாடம் மட்டும்தான். படியில் இறக்கி, ஓர் அடி தள்ளி விட்டு, திரும்பிப் படியேற வைத்து, உங்கள் கையால் ஒரு துண்டு பிஸ்கட் கொடுங்கள். பிறகு கொஞ்சம் தூரத்திலிருந்து, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து என்று கூட்டிக்கொண்டே போங்கள். படியருகே பெரிய பூந்தொட்டி ஒன்றை அடையாளமாக வையுங்கள், வழி தெரியாமல் திணறும்போது அதைப் பார்த்து வரும். எந்தப் பக்கம் தூக்கிப் போட்டாலும் தானாகப் படிக்கு வரப் பழகும்வரை, ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் குளத்துக்கு வேலியும் கதவும் இருக்க வேண்டும். தூக்கிப் போடுவது என்றது பேச்சுக்கு. எந்த நாயையும் தண்ணீருக்குள் எறியாதீர்கள். அப்படிப் பழக்கப்பட்ட நாய் தண்ணீரைக் கண்டாலே பதறும். தண்ணீருக்குள் பதற்றம்தான் அதைச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

எல்லா இனமும் ஒன்றுபோல நீந்தாது. லாப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் வேலை செய்தவை. அடர்ந்த முடியும் தடித்த வாலும் அவற்றுக்குத் துணை. நம் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் ஓடப் பிறந்தவை. மெலிந்த உடல், கொழுப்புக் குறைவு, குட்டை முடி. தண்ணீரில் சீக்கிரம் தாழும், சீக்கிரம் நடுங்கும். விளம்பரத்தில் பார்த்து ஆசைப்பட்டு ஒரு காலத்தில் ஊர் ஊராக வாங்கிய பக் நாயும், புல்டாக்கும் நீந்தவே கூடாதவை என்றே சொல்வேன். தட்டை மூக்கு என்பதால் மூக்கைத் தண்ணீருக்கு மேல் வைக்கத் தலையை அண்ணாத்த வேண்டும், அண்ணாத்தினால் பின்பக்கம் தாழும். டாக்ஸ்ஹண்டின் குட்டைக் கால்களும் அதன் நீள உடம்பை வெகு நேரம் தாங்காது. இவற்றுக்கும், வயதான நாய்களுக்கும், வலிப்பு வரும் நாய்களுக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் தண்ணீர் வேண்டாம். முதுகில் கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு கையால் தூக்கி எடுத்துவிடலாம். இத்தாலியில் கடற்கரைக் காவலுக்குப் பழக்கிய நாய்கள் மனிதர்களையே கரைக்கு இழுத்து வருகின்றன. அவ்வளவு தேர்ந்த நாய்களே மிதவை அங்கி போட்டுக்கொண்டுதான் வேலைக்கு இறங்குகின்றன.

பந்து விளையாட்டில் ஓர் ஆபத்து உண்டு, அது பலருக்கும் தெரிவதில்லை. தண்ணீரில் பந்தை எறிந்து எடுத்து வரச் சொல்கிறோம். நாய் ஒவ்வொரு முறையும் வாயை அகலத் திறந்து பந்தைக் கவ்வுகிறது, கூடவே தண்ணீரையும் விழுங்குகிறது. குழாயில் பீய்ச்சும் தண்ணீரைக் கடித்து விளையாடும் நாய்க்கும் இதே கதி. அளவு மீறித் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தில் உள்ள சோடியம் சரிந்து மூளை வீங்கத் தொடங்கும். பண்ணை வீட்டில் ஒரு மதியம் முழுக்கப் பந்து விளையாடிய லாப்ரடார் ஒன்றை, வீடு திரும்பும் வழியில் என்னிடம் கொண்டுவந்தார்கள். வயிறு உப்பியிருந்தது, வாந்தி எடுத்திருந்தது, இறக்கிவிட்டதும் குடித்தவரைப் போலத் தள்ளாடியது. "நல்லா வெளையாண்டானுங்க, அசதியா இருக்கும்னு நெனச்சோம்" என்றார் அந்த வீட்டு அக்கா. கண் பாப்பா விரிந்து வாயில் எச்சில் ஒழுகுவதைப் பார்த்ததால்தான் அவர்கள் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும். இது அடிக்கடி வருகிற நோய் அல்ல, ஆனால் வந்தால் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், சிறுநீர் கழிக்க விடுங்கள். பந்துக்குப் பதிலாக வாயை அதிகம் திறக்கத் தேவையில்லாத தட்டையான பொருளை எறியுங்கள்.

கடலுக்கு வந்தால் கதை தலைகீழ். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தாகத்தில் அதைக் குடித்தால் முதலில் வயிற்றுப்போக்கு, மிஞ்சினால் நடுக்கமும் வலிப்பும். வீட்டிலிருந்து ஒரு கேன் நல்ல தண்ணீர் கொண்டுபோய் அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனையும் ஜெல்லி மீனையும் மோந்து பார்க்கக்கூட விடாதீர்கள். பேத்தை காய்ந்து கருவாடானாலும் அதன் நஞ்சு போகாது. தூண்டில் முள் ஒன்று உதட்டில் மாட்டினால் நீங்களே இழுக்க வேண்டாம், மருத்துவரிடம் வாருங்கள்.

தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவற்றில் நான் அதிகம் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று கோடையில் வற்றிய குளங்களில் பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல் மிதக்கும் நீலப்பசும்பாசி. சாக்கடையும் உரமும் கலந்து, வெயில் ஏறி, காற்றில்லாமல் தண்ணீர் தேங்கினால் அது பெருகும். அதில் சில வகைகள் ஈரலைச் சிதைக்கும் நஞ்சையும் நரம்பைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்குகின்றன. 2020இல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தபோது, நீர்நிலைகளில் இருந்த இந்தப் பாசியின் நஞ்சே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அத்தனை பெரிய யானைக்கே அந்தக் கதி என்றால், குளித்து முடித்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் நாயின் நிலையை யோசித்துப் பாருங்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. பச்சைப் படலம், துர்நாற்றம், செத்து மிதக்கும் மீன் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாயைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள். தெரியாமல் இறங்கிவிட்டால், நக்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். சாயக்கழிவு ஓடிய நொய்யலில் நாயை இறக்க வேண்டாம் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று எலிக்காய்ச்சல். கோபியைச் சுற்றி வயல் வயலாக நெல். நெல் இருக்கும் இடத்தில் எலி. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாயின் காலில் சிறு கீறல் இருந்தால் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். காய்ச்சல், வாந்தி, தீனி எடுக்காமை என்று தொடங்கி, கண்ணும் ஈறும் மஞ்சளாகி, சிறுநீரகம் பழுதாகும். அந்த நாயின் சிறுநீர் வழியாக வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும். மழை வெள்ளத்துக்குப் பிறகு மனிதர்களிடையே இந்த நோய் கூடுவதை மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறார்கள். பலர் ரேபிஸ் ஊசி போட்டதோடு நாய்க்குத் தடுப்பூசிக் கடமை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீரில் இறங்கும் நாய்க்கு லெப்டோஸ்பைரா தடுப்பு சேர்ந்த கூட்டு ஊசியும் வேண்டும். முதல் முறை சில வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுதோறும். அதன் காப்பு ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் என்று நம்ப முடியாது.

காது பற்றி ஒரு வரி. தொங்கு காது நாய்களுக்குக் குளித்ததும் காதின் உள்மடலைப் பஞ்சால் துடைத்து ஈரம் எடுங்கள். பட்ஸை உள்ளே விடாதீர்கள். விடாமல் நீந்திய மறுநாள் வால் தளர்ந்து தொங்கினால் பயப்பட வேண்டாம், வால் தசை களைத்துப்போனதால் வருவது. சில நாள் ஓய்வில் சரியாகும். வலிக்கு மனிதர் மாத்திரை கொடுக்காதீர்கள்.

மூழ்கிய நாயை வெளியே எடுத்துவிட்டால் என்ன செய்வது? பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே கொட்டுவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர்தான், அது மூச்சுக்குழாய்க்குள் போவதற்கும் இடமுண்டு. பொன்னான நிமிடங்களும் வீணாகும். வாயில் உள்ள பாசியையும் சேற்றையும் விரலால் வழித்தெடுங்கள். மூச்சு இருக்கிறதா என்று விலா எலும்பைப் பாருங்கள். மூச்சும் நினைவும் இல்லையென்றால் பக்கவாட்டில் படுக்க வைத்து, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்துங்கள். முப்பது அழுத்தத்துக்கு ஒருமுறை வாயை மூடிப் பிடித்து, மூக்கின் வழியாக இரண்டு முறை ஊதுங்கள். நாய், பூனைகளின் உயிர்மீட்புக்காகக் கால்நடை மருத்துவர்கள் 2012இல் வகுத்து 2024இல் திருத்திய ரிகவர் வழிகாட்டுதல்கள் சொல்லும் முறை இதுதான். இன்னொருவர் வண்டியை எடுக்கட்டும், வழியிலும் அழுத்தத்தை நிறுத்த வேண்டாம்.

மூச்சு இருந்தால் துடைத்து, சாக்கிலோ போர்வையிலோ சுற்றிச் சூடாக வையுங்கள். எழுந்து நடந்துவிட்டது, வாலாட்டுகிறது என்பதற்காக வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். நுரையீரலுக்குள் போன கொஞ்சம் தண்ணீர் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். முன்னே சொன்ன மணி காலையில் என் மருத்துவமனையில் பால்சோறு தின்று நின்றது. மாலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, மூக்கில் நுரை தட்டியது. பிராணவாயு கொடுக்கும் வசதியோடு அது அங்கேயே இருந்ததால் தப்பியது. ஒரு நாள் முழுவதும் மருத்துவர் கண்ணில் இருக்க வேண்டும். மூச்சு வேகம், இருமல், ஈறு நீலம் பாரித்தல் இவை மூன்றும் ஆபத்தின் அறிகுறிகள்.

தோட்டக்கலைத் துறையும் வேளாண் பொறியியல் துறையும் பண்ணைக்குட்டைக்கு மானியம் தரும்போது நீளம், அகலம், ஆழம், விரிப்பின் கனம் எல்லாவற்றையும் அளந்து, படம் எடுத்த பின்புதான் பணத்தை விடுவிக்கின்றன. அந்தப் பட்டியலில் நான்கு பக்கமும் ஏறுவலை, சுற்றிலும் வேலி என்ற இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும்; புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே வெட்டிய குட்டைகளுக்கு ஊராட்சிகள் கயிற்று வலை வாங்கிக் கொடுக்கலாம். நார்க் கயிறு திரிக்கும் தொழில் நம் மாவட்டங்களிலேயே நடக்கிறது. பொதுப்பணி செய்யும் பொறியாளர்கள் வாய்க்கால் வரைபடத்தில் கால்நடை ஏறும் சரிவுகளைக் குறித்துத் தர வேண்டும். தரைமட்டக் கிணறு வைத்திருக்கும் அண்ணன்மார், முழுச் சுவர் எழுப்பக் காசு இல்லாவிட்டாலும் இப்போதைக்கு முள்வேலியாவது போடுங்கள். வாய்க்காலில் தண்ணீர் திறப்பதற்கு முன்பே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.